வீட்டு மரங்களை எப்போது கவாத்து செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் புதுக் கவாத்துக் கத்திரி இருந்தால் எதையாவது வெட்டிப் பார்க்கத்தான் தோன்றும். விடுமுறை நாள், வெயிலும் இறங்கிவிட்டது, ஏணியும் இருக்கிறது. மரத்துக்கு அது ஏற்ற நாளா என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் வெட்டினேன். அதனால் பூக்காமல் போன வருடங்கள் உண்டு, ஒரு மரமே பட்டுப்போனதும் உண்டு. வீட்டில் மரம் வைத்திருக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளும், அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களும் இவை.

எந்த மாதத்தில் வெட்டலாம்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

மாதத்தைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தப்பாகிவிடும். பூமத்திய ரேகைக்கு வடக்கே பிப்ரவரி என்பது குளிர்காலத்தின் கடைசி. தெற்கே உள்ள நாடுகளில் அதே பிப்ரவரி கோடையின் கடைசி. அங்கே குளிர் முடிவது ஜூலை, ஆகஸ்டில். வெப்ப நாடுகளில் குளிர்காலம் என்று சொல்லும்படி ஒன்று இருப்பதே இல்லை.

அதனால் நாட்காட்டியை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். மரத்துக்கு வருடம் முழுக்க வேலை இருக்கிறது: துளிர்ப்பது, இலையை முற்றவைப்பது, பூப்பது, காய்ப்பது, அடுத்த வருடத்துக்குச் சேர்த்து வைப்பது. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளிதான் கவாத்துக்கு ஏற்ற காலம். குளிர் நாட்டு இலையுதிர் மரங்களுக்கு அந்த இடைவெளி பின்பனிக் காலத்தில், மொட்டு உப்புவதற்குச் சற்று முன்னால் வருகிறது. வெப்ப நாட்டுப் பழமரங்களுக்குக் காய்ப்பு ஓய்ந்தவுடன் வருகிறது. பூமரங்களுக்கு அவை எந்தக் கிளையில் பூக்கின்றன என்பதைப் பொறுத்து மாறும்.

குளிர்காலத்தின் கடைசி என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறார்கள்? தொடக்கத்தில் வெட்டினால் என்ன?

இலை உதிர்க்கிற மரம் கோடையில் சமைத்த மாவுச்சத்தை வேரிலும் அடிமரத்திலும் சேர்த்து வைத்துக்கொண்டு உறங்கப் போகிறது. அப்போது ஒரு கிளையை எடுத்தால் அதன் இருப்பு அதிகம் குறையாது. இலை இல்லாததால் மரத்தின் எலும்புக்கூடு முழுதாகத் தெரியும். எந்தக் கிளை எதோடு உரசுகிறது, எது உள்நோக்கி வளர்கிறது என்று கீழே நின்றே பார்த்துவிடலாம். பூச்சிகளும் பெரும்பாலான பூஞ்சைகளும் அடங்கியிருக்கிற நேரமும் அதுதான்.

இதெல்லாம் குளிர்காலத் தொடக்கத்துக்கும் பொருந்துமே என்று கேட்கலாம். வித்தியாசம் காயம் ஆறுவதில் இருக்கிறது. வெட்டின இடத்தைச் சுற்றிப் புதுத் திசு வளர்ந்து மூடுவது வளர்ச்சிக் காலத்தில்தான். தொடக்கத்தில் வெட்டினால் அந்த வெட்டு மூன்று நான்கு மாதம் திறந்தே கிடக்கும். கடும் பனியில் வெட்டின ஓரம் காய்ந்து பின்வாங்கவும் செய்யும். கடைசியில் வெட்டினால் சில வாரங்களில் வசந்தம் வந்து வேலை தொடங்கிவிடும்.

இலையுதிர் காலத்தில் வெட்டக்கூடாது என்கிறார்களே?

ஆமாம், குளிர் நாடுகளில் அது மோசமான நேரம். வெட்டு விழுந்ததும் மரம் சில சமயம் புதுத் துளிர் விடும். அந்தப் பச்சைக் கொழுந்து முற்றுவதற்குள் பனி வந்து கருக்கிவிடும். மரத்தை அழுகவைக்கிற பூஞ்சைகள் பல அந்த ஈரமான மாதங்களில்தான் வித்துகளைப் பரப்புகின்றன. காயமோ மெதுவாகத்தான் மூடும். தரையில் கிடக்கிற இலையைக் கூட்டும்போதே கிளையையும் கழித்துவிடலாம் என்று தோன்றும். கூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊர் எதுவானாலும் பொருந்துகிற விதி ஒன்று: இலை உருவாகிக்கொண்டிருக்கும்போதும் இலை உதிர்ந்துகொண்டிருக்கும்போதும் வெட்டாதீர்கள். துளிர்க்கும்போது மரம் தன் சேமிப்பைச் செலவழித்துவிட்டு நிற்கிறது. அந்தத் துளிரை வெட்டினால் போட்ட முதலும் போச்சு, வருகிற வருமானமும் போச்சு.

குளிரே இல்லாத இடத்தில் இருக்கிறேன். எனக்கு என்ன விதி?

உங்களுக்கு மூன்று விஷயங்கள் முக்கியம்: காய்ப்பு, மழை, வெயில்.

காய் பறித்து முடிந்த உடனே வெட்டினால், அடுத்த பூப்புக்கு முன் புதுக் கொப்பு வந்து முற்றுவதற்கு மரத்துக்கு அவகாசம் கிடைக்கும். மழை தொடர்ந்து கொட்டுகிற நாட்களில் வெட்டினால் ஈரக்காயத்தில் பூஞ்சை ஏறும். சில நாள் வெயில் அடிக்கும் என்று தெரிகிற நேரமாகப் பாருங்கள். உச்சக் கோடையில் பெரிதாகக் கழித்தால் இதுவரை நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயிலில் வெந்துவிடும். பட்டை வெடித்த இடத்தில் துளைக்கும் வண்டு வந்து உட்காரும். இந்த மூன்றாவதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

வறட்சியில் சில வாரம் இலை உதிர்த்து நிற்கிற மரங்களும் உண்டு. சீத்தா அப்படிப்பட்டது. அதன் உறக்கம் அதுதான், அப்போது வெட்டலாம்.

மாமரத்தை எப்போது கழிப்பது? தாமதமானால் காய்க்காதா?

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே அடிபட்டிருக்கிறேன்.

மாவில் பூங்கொத்து வருவது கொப்பின் நுனியில். அதுவும் நன்றாக முற்றிய கொப்பாக இருக்க வேண்டும். அறுவடை முடிந்து கழித்துவிட்டால் புதுத் துளிர் செம்பழுப்பாக வந்து, பச்சையாகி, தடித்து, சில மாதங்கள் ஓய்ந்து நிற்கும். அப்புறம் குளிர்ச்சியோ வறட்சியோ வரும்போது அந்த நுனி பூவாக மாறும். ஆக, வெட்டுக்கும் பூவுக்கும் நடுவே பல மாத இடைவெளி வேண்டும். கடைசிப் பழம் இறங்கிய சில வாரங்களுக்குள் கழித்து முடிப்பதுதான் கணக்கு.

நான் என்ன செய்தேன் என்றால், கூரைமேல் இலை கொட்டுகிறது என்று பூக்கிற காலத்துக்குச் சற்று முன்னால் ஒரு பக்கத்தை நன்றாகக் கழித்துவிட்டேன். அந்தப் பக்கம் அழகழகாகத் துளிர்த்தது. மறுபக்கம் பூத்துக் குலுங்கியது. பூவாக வேண்டிய நுனிகளை எல்லாம் நானே வெட்டி எறிந்திருந்தேன்.

மாவின் பால் தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் வரும். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம், அந்தக் குடும்பத்துக்கே இந்தக் குணம் உண்டு. முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டும்போது அண்ணாந்து பார்க்காதீர்கள்.

கொய்யா, எலுமிச்சை, பலா, முருங்கை?

கொய்யா தாராள மனசு உள்ள மரம். புதிதாக வருகிற கொப்பில்தான் பூக்கும் என்பதால், வெட்டினால் காய்ப்பு கூடவே செய்யும். ஒரு காய்ப்பு ஓய்ந்ததும் நுனிகளைக் கழித்துவிடுங்கள்.

எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளுக்கு அதிகம் கை வைக்கத் தேவையில்லை. காய்ந்தது, உரசுவது, உள்ளே அடைத்து நிற்பது, இவை போதும். ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே கிளம்புகிற அடிக்கன்றை மட்டும் எந்தக் காலமானாலும் கிள்ளி எறியுங்கள். விட்டுவைத்தால் அது வேகமாக வளர்ந்து மேலே இருக்கிற நல்ல ரகத்தை அமுக்கிவிடும். ஒருநாள் பார்த்தால் நீங்கள் வைத்தது ஒன்று, காய்ப்பது வேறொன்று. இவற்றின் பட்டை மெல்லியது, வெயில் தாங்காது. கழித்த பிறகு கிளை வெளிப்பட்டு நின்றால், தண்ணீரில் கரையும் வெள்ளைச் சுவர்ப் பூச்சைச் சம அளவு தண்ணீர் கலந்து பட்டைமேல் அடித்துவிடலாம்.

பலா அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் காய்க்கிறது. அதனால் உள்ளே காற்றும் வெளிச்சமும் போகும்படி மெல்லிய கொப்புகளை எடுத்தால் போதும், காய்ப்பு முடிந்த பிறகு. பழைய காய்க்காம்பு முண்டுகளைச் செதுக்கி எடுக்காதீர்கள். அடுத்த பூ அங்கேயே வரும்.

முருங்கையைப் பற்றிக் கவலையே வேண்டாம். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் வெட்டினாலும் பக்கக் கிளைகளாகக் கிளம்பி வரும். வெட்டாமல் விட்டால்தான் தொல்லை: எட்டாத உயரத்துக்குப் போய், ஒரு காற்றுக்கு ஒடியும். ஆனால் முருங்கையைப் பார்த்துவிட்டு மற்ற மரங்களையும் அப்படி வெட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பூமரங்களில் இந்த வருடக் கிளை, போன வருடக் கிளை என்று பிரிக்கிறார்களே, அது என்ன?

வசந்தம் தொடங்கியதும், சில சமயம் இலைகூட வராமல், பூத்துவிடுகிற மரங்கள் இருக்கின்றன. மக்னோலியா, லைலாக், அழகுக்காக வளர்க்கிற செர்ரி எல்லாம் அந்த ரகம். இவற்றின் பூமொட்டு போன கோடையிலேயே உருவாகி, குளிர் முழுக்கக் கிளையில் காத்திருக்கிறது. குளிர்காலத்தில் கத்திரியை எடுத்தால் அந்த மொட்டுகளைத்தான் வெட்டுவீர்கள். மரம் சாகாது, ஆனால் அந்த வருடம் வெறும் இலைதான். இவற்றைப் பூத்து உதிர்ந்த கையோடு வெட்ட வேண்டும்.

கோடையில் பூக்கிற செம்பருத்தி, பூமருது போன்றவை அந்த வருடம் வந்த புதுக் கொப்பிலேயே பூப்பவை. இவற்றைத் துளிர்ப்பதற்கு முன்னால் வெட்டினால் நிறையக் கொப்பும் நிறையப் பூவும் கிடைக்கும்.

உங்கள் மரம் எந்த ரகம் என்று தெரியவில்லையா? ஒரு வருடம் கத்திரியைத் தொடாமல் பூ எங்கே வருகிறது என்று பாருங்கள். பச்சையாக, வளைகிற கொப்பில் வந்தால் புதுக் கிளை. பழுப்பேறிய, பட்டை கட்டிய கொப்பில் வந்தால் பழைய கிளை. ஒரு வருடம் வெட்டாததால் எந்த மரமும் கெட்டுப்போகாது.

நோய் பரவும் என்பதால் சில மரங்களுக்குத் தனிக் காலம் உண்டாமே?

உண்டு. இங்கே பொது விதியை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

அமெரிக்காவின் கிழக்கு, மத்தியப் பகுதிகளில் ஓக் வாடல் நோய் இருக்கிறது. புதிதாக வெட்டின காயத்தின் வாசனைக்கு வருகிற சாறுண்ணி வண்டுகள் அந்தப் பூஞ்சையைச் சுமந்து வருகின்றன. அதனால் அங்கே ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக் மரத்தில் கத்தியே வைக்கக் கூடாது என்பார்கள், நடுக்குளிர்தான் பாதுகாப்பு. எல்ம் மரத்துக்கு டச்சு எல்ம் நோய். அதைப் பரப்புவது பட்டை வண்டு. அதற்கும் குளிர்காலம்தான் ஏற்றது.

செர்ரி, பிளம், ஆப்ரிகாட் மாதிரி கொட்டைப் பழ மரங்களுக்குக் கதை தலைகீழ். வெள்ளி இலை நோய் என்கிற பூஞ்சை நோய் ஈரமான குளிர் மாதங்களில் காயத்தின் வழியே நுழைகிறது. அதனால் இவற்றை அறுவடை முடிந்த கோடையில், வறண்ட நாளில் வெட்டுவதே நல்லது.

ஆப்பிள், பேரிக்காய்க்குக் குளிர்காலக் கடைசி சரி. ஆனால் தீக்கருகல் நோய் வந்து நுனி கருகி வளைந்து நின்றால் அடுத்த குளிருக்குக் காத்திருக்க முடியாது. வறண்ட நாளாகப் பார்த்து, கருகல் தெரிகிற இடத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் கீழே, நல்ல மரப்பகுதியில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்திரியைத் துடைக்க வேண்டும்.

வெட்டின இடத்திலிருந்து தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது. மரம் செத்துவிடுமா?

சாகாது. மேப்பிள், பிர்ச், வால்நட் போன்றவற்றில் குளிர் முடிகிற நேரத்தில் சாறு மேலேறத் தொடங்கிவிடுகிறது. அப்போது வெட்டினால் சொட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர மரத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை. இலை வந்ததும் நின்றுவிடும். துணி கட்டி நிறுத்தப் பார்க்காதீர்கள். அந்தக் காட்சியே வேண்டாம் என்றால் இலை முழுதாக முற்றிய நடுக்கோடையில் வெட்டுங்கள்.

காய்ந்த கிளைக்கும் காலம் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். காய்ந்தது, ஒடிந்து தொங்குவது, நடக்கிற வழியில் தலைக்கு மேலே ஆபத்தாக நிற்பது, இவற்றை அன்றே எடுத்துவிடுங்கள். இலை இருக்கும்போதுதான் எது காய்ந்த கிளை என்பது பளிச்சென்று தெரியும். அதனால் கோடையில் ஒரு சாயக் கயிறு கட்டி அடையாளம் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

காற்று, புயல் காலத்துக்கு முன் கழிப்பது நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் எப்படிக் கழிக்கிறோம் என்பது இருக்கிறது. காய்ந்த கிளை, விரிசல் விட்ட கவை, வீட்டுமேல் சாய்ந்த கனமான கொப்பு, இவற்றைக் காற்றுக் காலம் தொடங்கச் சில வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும். புயல் அறிவிப்பு வந்த பிறகு ஏணி ஏறுவது வேண்டாத வேலை. தவிர, வெட்டிப்போட்ட கிளைகளை அப்புறப்படுத்த நேரமில்லாமல் அவையே காற்றில் பறக்கும்.

பலர் செய்கிற தவறு, உள்ளே இருக்கிற சின்னக் கொப்புகளை எல்லாம் மழித்துவிட்டு நுனியில் மட்டும் இலைக் கொத்து விடுவது. காற்று உள்ளே புகுந்து போகும் என்பது நம்பிக்கை. உண்மையில் பாரம் முழுக்க நுனிக்குப் போய்விடுகிறது. நீளமான கழியின் முனையில் மூட்டையைக் கட்டினால் எப்படி ஆடும்? அப்படி ஆடி ஒடிகிறது.

ஒரே தடவையில் எவ்வளவு வெட்டலாம்?

ஒரு வருடத்தில் பச்சைக் கிளைகளில் கால் பங்கு, அதாவது 25 சதவீதம். அதுவே உச்ச வரம்பு. வயதான மரத்துக்கு 10 சதவீதமே அதிகம். இலைதான் அதன் சமையலறை. அதை இடித்துவிட்டு நன்றாகச் சாப்பிடு என்று சொல்ல முடியாது. அதிகம் வெட்டிவிட்டீர்கள் என்பதை மரமே சொல்லும்: தடித்த கிளைகளில் செங்குத்தாக, ஈர்க்குச்சி மாதிரி நீர்ப்போத்துகள் கூட்டமாகக் கிளம்பும். பலர் அதைச் செழிப்பு என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறார்கள். இழந்த இலையை ஈடுகட்ட மரம் அவசரத்தில் போடுகிற போத்துகள் அவை.

கீழ்க்கிளைகளை உயர்த்தும்போதும் கணக்கு உண்டு. மரத்தின் மொத்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இலைக்கிளையோடு இருக்கட்டும்.

சரி, நேரம் பார்த்தாயிற்று. எந்த இடத்தில் வெட்டுவது?

நேரத்தைச் சரியாகப் பார்த்துவிட்டு இடத்தில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். கிளை அடிமரத்தில் சேருகிற இடத்தில் மோதிரம் போட்டது மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். கிளைக்கழுத்து என்று சொல்லலாம். காயத்தை மூடுகிற திசு அங்கிருந்துதான் வளரும். அந்தப் புடைப்பைத் தொடாமல், அதற்கு வெளியே ஒட்டினாற்போல வெட்ட வேண்டும். அடிமரத்தோடு வழவழவென்று சீவினால் புடைப்பு போய்விடும், காயம் இரண்டு மடங்கு பெரிதாகும். பயந்துகொண்டு ஒரு சாண் முண்டு விட்டால் அந்த முண்டு காய்ந்து, அழுகல் அதன் வழியே உள்ளே போகும்.

கிளை கனமாக இருந்தால் ஒரே வெட்டில் முடிக்கக் கூடாது. பாதி அறுத்ததும் பாரத்தில் சாய்ந்து, அடிமரத்துப் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு போகும். மூன்று வெட்டு போடுங்கள். முதலில் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கீழ்ப்புறத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை. அடுத்து அதற்குச் சில விரல் வெளியே, மேற்புறத்திலிருந்து முழுதாக, கிளை விழுந்துவிடும். கடைசியில் மிச்சமிருக்கிற முண்டைக் கழுத்துக்கு வெளியே அறுத்து எடுங்கள். பாரம் இல்லாததால் அது நிதானமாக வரும்.

வெட்டின இடத்தில் தார், பெயிண்ட், சாணம் ஏதாவது பூச வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். இதில் நம் உள்ளுணர்வு தப்பாக வழிகாட்டுகிறது. நம் உடம்பில் காயம்பட்டால் கெட்ட திசு போய் அதே இடத்தில் புதுத் திசு வருகிறது. மரத்தில் அப்படி இல்லை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்து உள்ளே பார்த்தவர். காயம்பட்ட பகுதியை மரம் சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது என்று அவர் காட்டினார். 1977இல் அது விளக்கமாக வெளிவந்தது. பூச்சு அந்தச் சுவரை வலுப்படுத்துவதில்லை. பல சமயம் ஈரத்தை உள்ளே தேக்கிப் பூஞ்சைக்கு வசதி செய்து கொடுக்கிறது.

விதிவிலக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓக் வாடல் உள்ள இடத்தில், வெட்டக்கூடாத மாதத்தில் புயலால் கிளை ஒடிந்துவிட்டால், வண்டு வருவதற்குள் உடனே பெயிண்ட் அடிக்கச் சொல்வார்கள். அங்கே பூச்சின் வேலை வாசனையை மறைப்பது, காயத்தை ஆற்றுவது இல்லை.

மரம் ரொம்ப உயரமாகிவிட்டது. தலையை வெட்டிவிடலாமா?

எந்தக் காலத்திலும் வேண்டாம். ஒரு தடவை வேலைக்கு வந்தவர் “மொட்டை அடிச்சா நல்லா தழையும்” என்று சொல்ல, நானும் தலையாட்டினேன். கோடைக்கு முன்னால் ஒரு வாதாமரத்தின் உச்சியை மொத்தமாக எடுத்தார். தழைத்தது உண்மைதான். ஆனால் வெளிப்பட்ட கிளைகளின் மேல்பட்டை வெயிலில் வெடித்தது, வண்டு விழுந்தது, இரண்டு வருடத்தில் மரம் பட்டுப்போனது.

அப்படியே பிழைத்தாலும், வெட்டின முண்டைச் சுற்றிக் கிளம்புகிற கிளைகள் மேல்தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பவை. உள்மரத்தில் அவற்றுக்குப் பிடிப்பு இல்லை. நாலைந்து வருடத்தில் பழைய உயரம் வந்துவிடும், ஒடிகிற ஆபத்தும் சேர்ந்து வரும். உயரம் குறைய வேண்டும் என்றால் நீண்ட கிளையை, அதன் தடிப்பில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிற பக்கக்கிளை பிரியுமிடத்தில் வெட்டுங்கள். அந்தப் பக்கக்கிளை தலைமையை ஏற்றுக்கொள்ளும். ஒரே வருடத்தில் முடிக்காமல் இரண்டு மூன்று வருடமாகப் பிரித்துச் செய்யுங்கள்.

புதிதாக நட்ட கன்றை எப்போது வெட்டத் தொடங்கலாம்?

முதல் வருடம் ஒடிந்தது, காய்ந்தது தவிர எதையும் தொடாதீர்கள். வேர் பிடிக்க இலை வேண்டும். இரண்டாம் மூன்றாம் வருடத்திலிருந்து வடிவம் கொடுக்கத் தொடங்கலாம். நிழல் மரமாக இருந்தால் நடுத்தண்டு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு தண்டு சரிசமமாக, ஒடுக்கமான கவையாகக் கிளம்பினால் ஒன்றை இப்போதே எடுத்துவிடுங்கள். அந்தக் கவைக்குள் பட்டை அகப்பட்டுக்கொண்டு பிடிப்பில்லாமல் வளரும். இருபது வருடம் கழித்து ஒரு காற்றில் பிளக்கும். இன்று விரல் தடிமனில் கத்திரியால் முடிகிற வேலை அது.

தென்னை, பனை வகைகளுக்கு?

அவற்றைக் கவாத்து என்ற கணக்கிலேயே சேர்க்காதீர்கள். காயத்தை மூடுகிற திசு அவற்றுக்குக் கிடையாது. தண்டில் ஒரு வெட்டு விழுந்தால் அது ஆயுளுக்கும் இருக்கும். உச்சியில் ஒரே ஒரு குருத்து, அது போனால் மரம் போச்சு. முழுக்கக் காய்ந்த மட்டையை மட்டும் எடுங்கள். பழுக்கத் தொடங்கிய மட்டையிலிருந்துகூட மரம் சாம்பல் சத்தை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். படுக்கை வாட்டத்துக்கு மேலே நிற்கிற பச்சை மட்டையைத் தொடவே வேண்டாம்.

பைன், சைப்ரஸ் போன்ற ஊசியிலை மரங்கள்?

இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் பெரும்பாலானவை திரும்பத் துளிர்க்காது. பைனில் வசந்தத்தில் மெழுகுவர்த்தி மாதிரி வருகிற இளங்குருத்தைப் பாதி கிள்ளிவிட்டால் அடர்த்தியாகும். அவ்வளவுதான்.

கத்திரி, ரம்பம் எல்லாம் எப்படி இருக்க வேண்டும்?

2 சென்டிமீட்டர் தடிமன் வரை கைக்கத்திரி, 4 வரை நீளக்கைப்பிடிக் கத்திரி, அதற்கு மேல் கவாத்து ரம்பம். அரிவாளால் ஓங்கிப் போடுவது விறகுக்குச் சரி. கூர்மை முக்கியம், மழுங்கிய கத்திரி வெட்டாது, நசுக்கும். ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது 70 சதவீத ஆல்கஹாலில் அலகைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஏணியில் நின்றுகொண்டு இயந்திர ரம்பத்தை இயக்காதீர்கள். மின்கம்பியை நெருங்கிய கிளை என்றால் மின்துறைக்குச் சொல்லுங்கள், நீங்கள் கிட்டேயே போக வேண்டாம்.

வெட்டுவதற்கு முந்தின நாள் மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை பொறுக்கலாம். சில நகரங்களில் சொந்த இடத்து மரத்துக்கே அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தப்பான நேரத்தில் வெட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில், கத்திரியைக் கீழே வையுங்கள். ஒரு பக்கம் அதிகமாகிவிட்டது என்று மறுபக்கத்தையும் சமன் செய்யப் போவதுதான் பெரிய ஆபத்து. ஈடுகட்டுகிறேன் என்று தழைச்சத்து உரத்தைக் கொட்டாதீர்கள். மென்மையான துளிர் இன்னும் அதிகமாக வந்து, சேமிப்பைக் கரைத்து, பூச்சியைக் கூப்பிடும். மண் காயாமல் தண்ணீர் விடுங்கள். தண்டை ஒட்டாமல் சருகு மூடாக்குப் போடுங்கள். வெயிலுக்கு வெளிப்பட்ட பட்டையில் முன்பு சொன்ன வெள்ளைப் பூச்சை அடியுங்கள். வருகிற நீர்ப்போத்துகளை எல்லாம் உடனே கிள்ளாமல், அடுத்த ஏற்ற காலம் வரும்வரை விட்டு, பிறகு நல்ல இடத்தில் இருக்கிற சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுங்கள்.

என் மாமரத்தின் அந்த மொட்டைப் பக்கத்துக்கும் இதைத்தான் செய்தேன். அடுத்த வருடம் இரு பக்கமும் பூத்தது.